சங்கிலி கொண்டு பூமியை அளந்தவர்

பூந்தமல்லியில் இருந்து போரூர் வழியாகக் கிண்டிக்குப் போகிறவர்கள், பரங்கிமலையைப் பார்க்காமல் போக முடியாது. அந்தச் சாலைக்கே மவுண்ட்-பூந்தமல்லி சாலை என்றுதான் பெயர். மலை உச்சியில் உள்ள மாதா கோவிலை எல்லோருக்கும் தெரியும்.

ஆனால், இமயமலையின் எவரெஸ்ட் சிகரம் வரை நீண்ட ஒரு மாபெரும் வேலை இந்த மலை அடிவாரத்தில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது.

அந்த வேலையைத் தொடங்கியவர் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் அதிகாரி. பெயர், வில்லியம் லாம்டன்.

அவருக்குப் பணத்தில் ஆசை இல்லை. பதவியில் ஆசை இல்லை. ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. இந்தப் பூமி எவ்வளவு பெரிது, என்ன வடிவம் என்று அளந்து பார்த்துவிட வேண்டும்! அந்த ஆசைக்காக அவர் 20 ஆண்டுகளுக்கு மேல் காட்டிலும் மேட்டிலும் அலைந்தார். கடைசியில் அலைந்த இடத்திலேயே உயிரையும் விட்டார்.

ஏழை வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தின் வடக்கே யார்க்க்ஷயர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே, நார்தலர்ட்டன் என்ற ஊருக்கு அருகே, 1750-களில் லாம்டன் பிறந்தார். வசதி இல்லாத குடும்பம். பையனுக்குக் கணக்கு மட்டும் நன்றாக வந்தது.

அந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பிழைக்க ஒரு வழி ராணுவம். லாம்டனும் ராணுவத்தில் சேர்ந்தார். அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். யுத்தம் முடிந்த பிறகு, இன்று கனடாவைச் சேர்ந்த நியூ பிரன்ஸ்விக் என்ற குளிர்ப் பிரதேசத்தில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. சிப்பாய்கள் தங்கும் கட்டிடங்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை.

அங்கே சுமார் 13 ஆண்டுகள் கழிந்தன. பேச்சுத் துணைக்கு அதிகம் பேர் இல்லை. லாம்டன் புத்தகங்களைத் துணையாகக் கொண்டார். கணிதமும் வான சாஸ்திரமும் படித்தார். ஆசிரியர் இல்லாமல் தாமே படித்தார்.

வானத்தைப் பார்க்கும் ஆசை அவருக்கு ஒரு தீங்கும் செய்தது. ஒரு சூரிய கிரகணத்தின்போது, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி எதுவும் வைத்துக்கொள்ளாமல் சூரியனைப் பார்த்துவிட்டார். ஒரு கண் பழுதுபட்டுவிட்டது. வாழ்நாள் முழுவதும் தொலைநோக்கி வழியாகப் பார்த்து வேலை செய்யப்போகிற ஒருவருக்கு இப்படி ஒரு விபத்து!

நட்சத்திரம் சொன்ன வழி

1790-களின் பிற்பாதியில் லாம்டன் இந்தியாவுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மற்ற அதிகாரிகள் அந்த வயதில் பெரிய பதவிக்குப் போய்விடுவார்கள். லாம்டன் இன்னும் கீழ்ப் பதவியில்தான் இருந்தார். அதிகம் பேசமாட்டார். விருந்துகளில் ஒதுங்கி நிற்பார். அவரைக் கண்டு மற்றவர்கள் சிரித்ததும் உண்டு.

அவருடைய படைக்குத் தலைவராக இருந்தவர் ஆர்தர் வெல்லஸ்லி. பிற்காலத்தில் வாட்டர்லூ போரில் நெப்போலியனைத் தோற்கடித்து, வெல்லிங்டன் பிரபு என்று புகழ் பெற்றவர் அவர்தான்.

1799-ம் ஆண்டு, திப்பு சுல்தானோடு கடைசி மைசூர் யுத்தம் நடந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே ஓர் இரவு, தளபதி பெயர்டு ஒரு படையை நடத்திச் சென்றார். லாம்டனும் கூடப் போனார். கும்மிருட்டு. லாம்டன் அடிக்கடி தலையை உயர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

திடீரென்று அவர் தளபதியிடம் ஓடினார். படை திசை தவறிவிட்டது, எதிரியின் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று எச்சரித்தார்.

தளபதிக்குக் கோபம் வந்தது. நட்சத்திரத்தைக் கேட்டு வழி தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் தாம் இல்லை என்று சொல்லிவிட்டார். சற்று நேரத்தில் எதிரியின் காவல் சிப்பாய்கள் சிலர் எதிர்ப்பட்டார்கள். தளபதிக்குச் சந்தேகம் பிறந்தது. விளக்கு ஏற்றித் திசைகாட்டியைப் பார்த்தார்.

நட்சத்திரம் சொன்னதுதான் சரி!

அன்று முதல் லாம்டனின் பேச்சுக்கு மதிப்பு ஏற்பட்டது.

விசித்திரமான யோசனை

யுத்தம் முடிந்தது. திப்புவின் ராஜ்யம் கம்பெனியாரின் ஆதிக்கத்துக்குள் வந்தது. புதிதாகக் கிடைத்த நாட்டுக்குச் சரியான படம் வேண்டும். எந்த ஊர் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், எந்த வழியாகப் படை போகலாம், எங்கே எவ்வளவு வரி வசூலிக்கலாம் என்றெல்லாம் அறிய கம்பெனியார் விரும்பினார்கள்.

லாம்டன் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். கிழக்கே சென்னைக் கடற்கரையில் தொடங்கி, மேற்கே மங்களூர்க் கடற்கரை வரை அளக்க வேண்டும். பிறகு தெற்கு வடக்காகவும் அளக்க வேண்டும். இதன் மூலம் நல்ல படமும் கிடைக்கும், பூமியின் வடிவமும் தெரியும் என்றார்.

கம்பெனியாருக்குப் படம்தான் வேண்டும். லாம்டனுக்கோ பூமியின் வடிவம்தான் வேண்டும். படத்தைக் காட்டி அவர் தம் ஆசைக்கு அனுமதி வாங்கினார் என்றே சொல்லலாம்.

பூமி உருண்டை என்பதை உலகம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் பந்து போல முழு உருண்டையா? துருவங்களில் சற்றுத் தட்டையாக இருக்கும் என்று நியூட்டன் கணக்கிட்டுச் சொன்னார். 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் தென் அமெரிக்காவுக்கும் வட துருவத்தை ஒட்டிய லாப்லாந்துக்கும் போய் அளந்து, அவர் சொன்னது சரி என்று கண்டார்கள். எவ்வளவு தட்டை என்பதுதான் இன்னும் சரியாகத் தெரியவில்லை. அதை அறிய, உலகின் பல இடங்களில் பூமியை நீளமாக அளந்து பார்க்க வேண்டும். இந்தியா அதற்கு நல்ல இடம் என்று லாம்டன் கருதினார்.

எதிர்ப்பும் கிளம்பியது. பணம் ஒதுக்கும் குழுவில் இருந்த ஒருவர் இதைக் கேலி செய்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்குகிறவர்களிடம் சொன்னால் போதும், அவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள், அதற்கு எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்டார். வங்காளத்தைப் படமாக வரைந்து புகழ் பெற்ற ரென்னல் என்பவரும் முதலில் இது வேண்டாத வேலை என்றார்.

நல்லவேளையாக, சென்னை கவர்னராக இருந்த எட்வர்டு கிளைவ் பிரபு ஆதரவு தந்தார். இங்கிலாந்தில் அரசாங்க வான சாஸ்திரியாக இருந்த மாஸ்கலினும் லாம்டனின் பக்கம் நின்றார். அனுமதி கிடைத்தது.

சீனச் சக்கரவர்த்தி வேண்டாம் என்ற சங்கிலி

அளக்கக் கருவிகள் வேண்டுமே? அவை வந்து சேர்ந்த கதையே ஒரு வேடிக்கை.

1792-ல் இங்கிலாந்து அரசர் சீனச் சக்கரவர்த்திக்குத் தூது அனுப்பினார். மக்கார்ட்டினி பிரபு என்பவர் தலைமையில் பல பரிசுப் பொருள்கள் போயின. அவற்றில் 100 அடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலியும், நட்சத்திரங்களை அளக்கும் ஒரு கருவியும் இருந்தன. சக்கரவர்த்திக்கு அவை பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தூதோடு போயிருந்த டின்விடி என்பவர் அவற்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். சீனச் சக்கரவர்த்தி ஒதுக்கிய சங்கிலி லாம்டனின் கைக்கு வந்தது!

கோணத்தை அளக்க இன்னொரு பெரிய கருவி வேண்டும். அதற்குப் பெயர் தியோடலைட். வட்டத் தட்டின் நடுவே தொலைநோக்கி பொருத்திய கோணமானி அது. லண்டனில் கேரி என்பவர் செய்தார். வட்டத்தின் குறுக்களவு மூன்று அடி. எடை சுமார் அரை டன்.

அது கப்பலில் வந்தபோது, பிரெஞ்சுக்காரர்களின் போர்க்கப்பல் வழிமறித்தது. கப்பலைப் பிடித்து மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இங்கிலாந்தும் பிரான்சும் பகை நாடுகள். இனி அந்தக் கருவி கிடைக்காது என்றே எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் மொரீஷியஸ் பிரெஞ்சு கவர்னர், அது யுத்தக் கருவி அல்ல, விஞ்ஞானக் கருவி என்று அறிந்தார். மரியாதையாக ஒரு கடிதமும் எழுதி, அதைச் சென்னைக்கே அனுப்பி வைத்தார்.

விஞ்ஞானத்துக்குப் பகை இல்லை!

பரங்கிமலையில் தொடக்கம்

தியோடலைட் வந்து சேர்வதற்கு முன்பே லாம்டன் வேலையைத் தொடங்கிவிட்டார். 1802-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், பரங்கிமலைக்கு அருகே சமவெளியில் கூடாரம் அடித்தார்.

அவருடைய முறை எளிமையானது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் புரிந்துகொள்ளலாம். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும், அந்தப் பக்கத்தின் இரண்டு முனைகளில் உள்ள கோணங்களும் தெரிந்தால் போதும். மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். நடந்து போய் அளக்க வேண்டியது இல்லை.

முதலில் தரையில் ஒரு கோடு அளக்க வேண்டும். பிறகு அதன் இரு முனைகளில் இருந்தும் தூரத்தில் உள்ள ஒரு மலையைப் பார்த்துக் கோணம் எடுக்க வேண்டும். மலை எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். அந்தத் தூரமே அடுத்த முக்கோணத்துக்கு ஒரு பக்கம் ஆகும். இப்படியே மலைக்கு மலை, முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக நாடு முழுவதும் போய்விடலாம்.

எல்லாம் அந்த முதல் கோட்டைப் பொறுத்தது. அது தவறினால் எல்லாம் தவறும். அஸ்திவாரம் கோணினால் வீடு நிற்குமா?

பரங்கிமலைப் பக்கம் தொடங்கி, தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை அந்தக் கோட்டை லாம்டன் தேர்ந்தெடுத்தார். நீளம் சுமார் ஏழரை மைல். இன்று வேளச்சேரி, பள்ளிக்கரணை என்று வீடுகள் நெருங்கி நிற்கும் பக்கம் அன்று வெட்டவெளியாக இருந்தது.

சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்துவிட்டுப் போகவில்லை அவர். மூன்று கால் தாங்கிகள் மேல் நீளமான மரப்பெட்டிகளை வரிசையாக வைத்தார். அவற்றை ஒரே மட்டமாக்கினார். அவற்றுக்குள் சங்கிலியை நீட்டினார். வெயில் படாமல் மேலே நிழல் அமைத்தார். பக்கத்தில் வெப்பமானிகளை வைத்தார்.

வெப்பமானி எதற்கு? இரும்பு சூட்டில் நீளும். ஒரு டிகிரி சூடு ஏறினால், 100 அடிச் சங்கிலி ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக நீளும். அதைக் கூட லாம்டன் விடவில்லை! ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறித்துக்கொண்டு, அதற்குத் தக்கபடி கணக்கைத் திருத்தினார்.

இது பைத்தியக்காரத்தனம் அல்லவா என்று தோன்றலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். ஏழரை மைல் தூரத்துக்குச் சங்கிலியை 400 முறை வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கால் அங்குலம் தவறினால், மொத்தம் 100 அங்குலம் தவறும். அதே தவறோடு மங்களூர் வரை 360 மைல் போனால், தவறு சுமார் 400 அடி ஆகிவிடும். கால் அங்குலம் செய்யும் வேலை அது!

சென்னையின் ஏப்ரல், மே வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியது இல்லை. கத்திரி வெயிலிலும் வேலை நிற்கவில்லை. தாங்கிகளைத் தூக்குவதும், நகர்த்துவதும், மட்டம் பார்ப்பதும், மறுபடி தூக்குவதும் நம் ஊர் ஆட்கள்தான். வாரக்கணக்கில் பாடுபட்டு முடித்தபோது கோட்டின் நீளம் கிடைத்தது. 40,006 அடி. அதற்கு மேல் உள்ள பின்னத்தையும் நான்கு தசம இடம் வரை லாம்டன் எழுதி வைத்தார்.

காணாமல் போன 40 மைல்

அதே ஆண்டு செப்டம்பரில் தியோடலைட் வந்தது. லாம்டன் மலை மலையாக ஏறினார். கருங்குழிக் குன்று போன்ற உயரமான இடங்களில் எல்லாம் கருவியை ஏற்றினார்கள். அரை டன் கருவியைச் செங்குத்தான பாறைகளில் தோள் கொடுத்து ஏற்றியவர்கள் கலாசிகள்.

தூரத்து மலையில் ஓர் ஆள் கொடி பிடித்து நிற்பார். மூடுபனி இருந்தால் கொடி தெரியாது. நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். லாம்டன் பொறுமையாகக் காத்திருந்தார். அவர் கோபித்துப் பார்த்தவர்கள் குறைவு.

அவருக்கு உதவியாக வந்த இளைஞர்கள் பலர் சென்னையில் பயிற்சி பெற்றவர்கள். நுங்கம்பாக்கத்து வான ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்த சர்வே பள்ளிக்கூடம் 1794-ல் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். அங்கே படித்த ஜோஷுவா டி பென்னிங் என்ற இளைஞர், லாம்டனின் கடைசி நாள் வரை அவரோடு இருந்து பாடுபட்டார்.

பெங்களூருக்கு அருகே 1804-ல் இன்னொரு கோடு அளந்தார்கள். சரிபார்ப்பதற்காக! பரங்கிமலையில் இருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளம் ஒன்று. சங்கிலி போட்டு அளந்த நீளம் ஒன்று. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்? ஏழு மைல் கோட்டில் ஏறக்குறைய நான்கு அங்குலம்தான்!

மேற்குக் கடற்கரையை எட்டியபோது ஓர் அதிசயம் வெளிப்பட்டது. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று பழைய படங்கள் காட்டின. உண்மையில் 360 மைல்தான் இருந்தது. 40 மைல் நிலம் படத்தில் மட்டுமே இருந்தது!

பல்லக்குக்காரர்களைக் கேட்டால் போதும் என்று கேலி செய்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேறு இல்லை.

பெரிய கோவிலில் நேர்ந்த விபத்து

பிறகு லாம்டன் தெற்கே திரும்பினார். கன்னியாகுமரியில் இருந்து வடக்கு நோக்கி ஒரு நீண்ட கோடு போடுவது அவர் நோக்கம். 1806-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் அடிக்கோடு அளந்தார். 1808-ல் தஞ்சாவூருக்கு வந்தார்.

தஞ்சைச் சீமையில் மலை ஏது? எங்கு பார்த்தாலும் வயல், தென்னை, வாழை. உயரமான இடம் இல்லாமல் கோணம் எடுக்க முடியாது. லாம்டன் கோவில் கோபுரங்களைப் பார்த்தார். அவையே அவருக்கு மலைகள் ஆயின.

ராஜராஜ சோழன் கட்டிய பெரிய கோவிலின் விமானம் 200 அடிக்கு மேல் உயரம். அதன் மேல் தியோடலைட்டை ஏற்ற முயன்றார்கள். கயிறு கட்டி, கப்பி வைத்து இழுத்தார்கள். கருவி பாதி வழி ஏறியது.

படீரென்று ஒரு கயிறு அறுந்தது!

அரை டன் கருவி ஊசலாடிக் கல் சுவரில் மோதியது. கருவியின் வட்டத் தகடு வளைந்து நெளிந்தது. உலகிலேயே சிறந்த கருவிகளில் ஒன்று கெட்டுப் போய்விட்டது. இங்கிலாந்தில் இருந்து வேறு கருவி வர வருஷக்கணக்கில் ஆகும். வேலை அத்துடன் நின்றுவிடும் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

லாம்டன் யாரையும் திட்டவில்லை. பழியை ஒருவர் மேலும் போடவில்லை. கருவியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் புகுந்தார். முக்கியமான தொழிலாளிகள் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை.

கருவியைத் துண்டு துண்டாகக் கழற்றினார். ஒரு பெரிய பலகையில், வட்டம் முன்பு இருந்த அதே அளவுக்கு ஒரு வட்டம் வெட்டினார். வளைந்த தகட்டை அதில் பொருத்தி, ஆப்பு அடித்தும், திருகாணி முறுக்கியும், கப்பியால் இழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய உருவத்துக்குக் கொண்டு வந்தார்.

ஆறு வாரம் ஆயிற்று. கருவி ஏறக்குறைய பழையபடி ஆகிவிட்டது! அதே கருவி அதற்குப் பிறகு பல ஆண்டுகள் உழைத்தது.

1809-ல் பாளையங்கோட்டை அருகே அடிக்கோடு அளந்தார். கன்னியாகுமரிப் பக்கம் வேலை முடிந்தது. அங்கிருந்து வடக்கே திரும்பினார்.

கூடாரமே வீடு

குத்தி, பீதார் என்று வருஷம் வருஷமாகக் கோடு வடக்கே நீண்டது. லாம்டனுக்கு வயது அறுபதைத் தாண்டியது. தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. கூடாரமே அவர் வீடு. வேலைக்காரர்களும் உதவியாளர்களுமே அவர் சுற்றத்தார்.

பகலில் மலைகளைப் பார்த்துக் கோணம் எடுப்பார். இரவில் நட்சத்திரங்களைப் பார்த்து, நிற்கும் இடத்தின் அட்சரேகையைக் கணக்கிடுவார். ஒரே நட்சத்திரத்தைப் பல இரவுகள் திரும்பத் திரும்பப் பார்ப்பார். பெங்களூர்ப் பக்கம் கணக்குச் சற்று உதைத்தபோது, தரைக்கு அடியில் உள்ள கனமான பாறைகள் தூக்குநூல் குண்டைத் தம் பக்கம் இழுக்கின்றன என்று ஊகித்தார். பூமிக்கு மேலே அளக்க வந்தவர் பூமிக்கு உள்ளே இருப்பதையும் யோசித்தார்!

அவர் புகழ் வெளிநாட்டில் பரவியது. 1817-ல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவரைத் தன் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு இங்கிலாந்தின் ராயல் சொசைட்டியும் கௌரவித்தது. 1818-ல் இந்த வேலை சென்னை சர்க்காரிடம் இருந்து கவர்னர் ஜெனரலின் நேர்ப் பார்வைக்குப் போனது. இந்தியாவின் மகா முக்கோண அளவை என்று பெயரும் சூட்டப்பட்டது.

அதே ஆண்டு ஓர் இளைஞர் உதவியாளராக வந்து சேர்ந்தார். வயது 28. பெயர் ஜார்ஜ் எவரெஸ்ட். லாம்டன் எவ்வளவு சாந்தமோ, எவரெஸ்ட் அவ்வளவு முன்கோபி.

எவரெஸ்ட் பார்த்தபோது லாம்டன் தளர்ந்துபோன கிழவர். ஆனால் தியோடலைட்டைப் பொருத்தும் நேரம் வந்துவிட்டால் அவர் முற்றிலும் வேறு மனிதராகி விடுவாராம். தளர்ச்சி போய்விடும். கண்ணில் ஒளி வந்துவிடும். இதை எவரெஸ்டே வியந்து எழுதி வைத்தார்.

இந்த வேலை பலரைப் பலி கொண்டது. 1819-ல் கிருஷ்ணா, கோதாவரி நதிகளுக்கு இடையே உள்ள காட்டில் எவரெஸ்ட் தலைமையில் ஒரு குழு போயிற்று. மழைக்காலம். காட்டுக் காய்ச்சல் பிடித்தது. ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். பலர் மாண்டார்கள். எவரெஸ்டும் படுத்த படுக்கையாகி, உடல் தேற ஆப்பிரிக்காவின் தென்முனைக்குப் போக நேர்ந்தது.

கொடி பிடித்தவர்கள், சங்கிலி இழுத்தவர்கள், கருவி சுமந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் இல்லாமல் ஒரு முக்கோணமும் பிறந்திருக்காது.

வழியிலேயே முடிந்த வாழ்வு

ஐதராபாத்தில் இருந்த முகாமை நாகபுரிக்கு மாற்ற முடிவாயிற்று. லாம்டனுக்கு வயது ஏறக்குறைய எழுபது. நெஞ்சில் நோய். இருமல் விடவில்லை. அவர் யாரிடமும் முறையிடவில்லை. வண்டிகளோடும் கருவிகளோடும் புறப்பட்டார்.

நாகபுரி போய்ச் சேரவில்லை. வழியில் ஹிங்கன்காட் என்ற ஊரில், 1823-ம் ஆண்டு ஜனவரி மாதம் காலமானார். அங்கேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் இறந்தபோது, 1,65,000 சதுர மைலுக்கு மேல் அளந்து முடிந்திருந்தது. கன்னியாகுமரிப் பக்கத்தில் இருந்து பீதார் வரை சுமார் 700 மைல் நீளத்துக்குக் கோடு போடப்பட்டிருந்தது. உலகில் அதுவரை இவ்வளவு நுட்பமாக இவ்வளவு நீளம் யாரும் அளந்தது அரிது.

சிகரத்துக்கு வந்த பெயர்

லாம்டன் விட்ட இடத்தில் எவரெஸ்ட் தொடர்ந்தார். 1841 வாக்கில் கோடு இமயமலை அடிவாரத்தில் உள்ள டேராடூன் பக்கம் போய்ச் சேர்ந்தது. குமரியில் இருந்து இமயம் வரை, ஏறக்குறைய 1,500 மைல்!

அந்த அடிப்படையில்தான் இமயத்தின் சிகரங்களை அளந்தார்கள். 15-ம் எண் கொடுக்கப்பட்ட ஒரு சிகரமே உலகில் மிக உயரமானது என்பது 1852 வாக்கில் கணக்கில் தெரிந்தது. அந்தக் கணக்கைப் போட்டவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. 1856-ல் அதன் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. 2020-ல் சீனாவும் நேபாளமும் சேர்ந்து அறிவித்த உயரம் ஏறக்குறைய 29,032 அடி. 160 ஆண்டுகளுக்கு முன் தூரத்தில் நின்று போட்ட கணக்கில் 30 அடிதான் வித்தியாசம்!

சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயரை வைக்க வேண்டும் என்று அவருக்குப் பின் பதவிக்கு வந்த வா என்பவர் யோசனை சொன்னார். இந்த நாட்டு மக்கள் வாயில் அந்தப் பெயர் நுழையாதே என்று எவரெஸ்டே தயங்கினார். 1865-ல் அந்தப் பெயரே நிலைத்தது. இன்று எவரெஸ்ட் என்ற பெயரைத் தெரியாத குழந்தை இல்லை.

லாம்டன் பெயரை எந்தப் பெரிய சிகரமும் தாங்கவில்லை. சிக்தாரின் பெயரும் அப்படியே. கருவி சுமந்த கலாசிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கம்பெனியார் இந்தப் படங்களைத் தங்கள் ஆட்சிக்கும் வரிக்கும் படைக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். அது உண்மை. கம்பெனி போயிற்று. வெள்ளையர் ஆட்சியும் 1947-ல் போயிற்று. அளவு மட்டும் நின்றது. ரெயில் பாதை போடவும், கால்வாய் வெட்டவும், சாலை அமைக்கவும் அந்தப் படங்களே பின்னால் உதவின. இன்று வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் நிலத்தை அளக்கின்றன. கையில் உள்ள போன், நிற்கும் இடத்தை நொடியில் சொல்லிவிடுகிறது. பூமியின் சரியான வடிவம் தெரியாமல் அதுவும் நடக்காது. லாம்டன் வாழ்நாள் முழுவதும் தேடியது அதைத்தான்.

பரங்கிமலை மேல் லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை பிற்காலத்தில் வைக்கப்பட்டது. கோவிலுக்குப் போகிறவர்கள் குழந்தைகளை அங்கே அழைத்துச் சென்று காட்டலாம். கால் அங்குலத்தை அலட்சியம் செய்யாத ஒரு மனிதர் இவர் என்று சொல்லிக் கொடுக்கலாம்.